கன்னமும் கழுத்தும் சேரும் இடம்

12 ஜூலை 2024, வெள்ளி. அகரம்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் சின்னச் சின்ன நீர்வண்ணப் படங்களைத் தவிர எதையும் தொடவில்லை. இன்று காலை திண்டுக்கல் போய், சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ் ஒன்று வாங்கி வந்தேன். இரண்டுக்கு மூன்றடி. பஸ்ஸில் வைக்க இடமில்லை. ஊர் வரும்வரை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மகளும் பேத்தியும் இன்னும் ஆறு வாரம்தான் இங்கே இருப்பார்கள். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. மூன்றாம் மாதமே கூட்டிப்போயிருக்க வேண்டியது, வெயில் தாழட்டும் என்று தள்ளிப்போட்டோம். இப்போது ஆடி வருகிறது. ஆடி கழிந்து ஆவணியில் நல்ல நாள் பார்த்து வருவதாகச் சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதற்குள் இரண்டு பேரையும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்துவிட வேண்டும். போட்டோ நூறு இருக்கிறது. ஆனாலும் என் கையால் ஒன்று வேண்டும்.

14 ஜூலை, ஞாயிறு.

முதல் நாள். மகளையும் குழந்தையையும் எதிரில் நிறுத்தினேன். கிழக்கு ஜன்னல் வெளிச்சம் எட்டு மணியிலிருந்து ஒன்பது வரை நன்றாக விழுகிறது. அதற்குப் பிறகு தரையில் பட்டுத் தெறித்து நிழலையெல்லாம் கலைத்துவிடும்.

குழந்தை நிற்குமா? பால் குடித்து முடித்த கையோடு ஒரு கால்மணி நேரம் தாயின் தோளில் கிறங்கிக் கிடக்கிறது. அந்தக் கால்மணிதான் எனக்கு. இன்று அதில் பாதி, கரித்துண்டைத் தேடுவதிலேயே போய்விட்டது.

மகள் கேட்டாள். “அம்மா, போட்டோ எடுத்து வச்சு வரைஞ்சா ஆகாதா? கை கடுக்குதும்மா.”

“ஆகும்டி. ஆனா கை கடுக்குறது போட்டோவுல வராது.”

சொன்ன பிறகுதான் யோசித்தேன், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று.

17 ஜூலை, புதன். ஆடி 1.

மதியம் முழுக்க ரவிவர்மாவின் ‘அதோ அப்பா வருகிறார்’ படத்தின் அச்சுப்பிரதியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1893இல் வரைந்தது. படத்தில் நிற்கிற பெண் அவருடைய மகள் மகாபிரபா. இடுப்பில் இருப்பது அவள் பிள்ளை. என்னைப் போலவே அவரும் தன் மகளையும் பேரனையும்தான் எதிரில் நிறுத்தி வரைந்திருக்கிறார். வெள்ளை முண்டு உடுத்தி, ஒரு கையில் பிள்ளையைத் தாங்கி, மறுகையால் யாரோ வரும் திசையைக் காட்டுகிறாள். காலடியில் ஒரு நாய். அந்த வருடம் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய 10 படங்களில் இதுவும் ஒன்று. விவேகானந்தர் பேசியதும் அதே ஆண்டு, அதே ஊரில்தான்.

எண்ணெய் வண்ணம் அவர் கைக்கு வந்த கதையை என் பிள்ளைகளுக்கு வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். கிளிமானூரிலிருந்து 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போனார். அங்கிருந்த ராமசாமி நாயக்கர் தொழில் ரகசியத்தைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்ததாக ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதற்கும் முன்னால், ரவிவர்மாவின் மாமா ராஜராஜ வர்மாவுக்குப் படம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அழகிரி நாயுடு. சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவைக்குப் போன மதுரைக்காரர். திருவாங்கூர் அரண்மனைக்கு ஓவியத் தொழில் போன வழியில் நம் பக்கத்து ஆட்கள் நின்றிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் பெருமை. மதுரை இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தானே.

படத்துக்கு வருகிறேன். துணியை எழுதியிருக்கிற அழகைச் சொல்ல வேண்டியதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவருடைய அசல் படங்களின் முன்னால் நின்றபோது, ஜரிகை எங்கே முடிந்து வண்ணம் எங்கே தொடங்குகிறது என்று கிட்டப்போய்ப் பார்த்து அதிசயித்திருக்கிறேன். ஆனால் இந்தப் படத்தில் எனக்கு ஒரு குறை. தாயின் மனசு படத்துக்கு வெளியே இருக்கிறது. வரப்போகிறவர்மேல் இருக்கிறது. பிள்ளை இடுப்பில் பத்திரமாக இருக்கிறது, சரி. ஆனால் படம் பிள்ளையைப் பற்றியது இல்லை, அப்பாவைப் பற்றியது. தாய்வழியில் பரம்பரை எண்ணிய மண்ணில், வாசலைப் பார்த்து நிற்கிற தாயை ஏன் எழுதினார் என்று படித்தவர்கள் நிறைய விவாதித்திருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது எளியது. என் படத்தில் யாரும் வர வேண்டாம். இரண்டு பேர் போதும்.

18 ஜூலை, வியாழன்.

காற்று. ஜன்னலைத் திறக்க முடியவில்லை, சாத்தினால் வெளிச்சம் இல்லை. வேலை நடக்கவில்லை.

21 ஜூலை, ஞாயிறு.

அடிப்பூச்சு முடிந்தது. பர்ன்ட் அம்பர் மட்டும், டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, வெளிச்சமும் நிழலுமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். அடியில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும், மேலே போகப்போகக் கூட்டலாம். மாற்றிச் செய்தால் மேல்தோல் முந்திக் காய்ந்து பின்னாளில் வெடிக்கும். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது சீக்கிரம் காயும், அதனால்தான் அடிக்கு அதை எடுப்பது.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு விசிறிக்கொண்டே கேட்டாள், இந்தக் காற்றில் ஏன் ஒரே நாளில் காயவில்லை என்று. எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை உள்ளே இழுத்து, மெல்ல மெல்லக் கெட்டிப்படுகிறது. அது வெப்பத்தையும் வெளிவிடும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவைத்தால் தானாகப் பற்றிக்கொண்ட கதைகள் உண்டு. குழந்தை இருக்கிற வீடு. துணியையெல்லாம் தண்ணீர் வாளியில் முக்கி, வெளியே வைத்துவிட்டுத்தான் கை கழுவினேன்.

இந்தத் தாமதம்தான் எனக்கு வேண்டியதும். நீர்வண்ணம் நம்மை விரட்டும். எண்ணெய் வண்ணம் நாலு நாள் ஈரமாக இருந்து, நேற்று வைத்ததையும் இன்று வைப்பதையும் ஒன்றோடொன்று இழையவிடும்.

24 ஜூலை, புதன்.

நாத்தனார் வந்திருந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “மதினி, பிள்ளைக்குக் கொஞ்சம் நிறம் கூட்டிப் போடுங்க. நாளைக்கு வீட்டுல மாட்டுறது. பாப்பாவும் அவ அம்மா மாதிரியே இருக்காளே.”

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாங்கள் வளர்ந்த வீடுகளில் சுவரில் தொங்கியதெல்லாம் காலண்டர் யசோதைகள்தானே. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் எழுதி, சிவகாசியில் அச்சாகி வந்த சாமி படங்கள். அந்தக் கைவேலை பெரியது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தாய்மாரெல்லாம் ரோஜா நிறம். எங்கள் தெருவில் அந்த நிறத்தில் ஒரு தாயும் இல்லை.

என் அப்பா போர்டு எழுதுகிறவர். கடைப் பலகை, நாடகத் திரை, எது கிடைத்தாலும் எழுதுவார். அம்மாவை ஒரே ஒரு முறை எண்ணெய் வண்ணத்தில் எழுதினார். மூக்கு, நெற்றி, தோடு எல்லாம் அம்மாதான். நிறம் மட்டும் வேறு யாரோ. அம்மா அதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாளாம். அப்புறம் அது பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. நான் எடுத்துப் பார்த்தபோது அம்மாவும் இல்லை, படத்திலும் அம்மா இல்லை.

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓவியர் இளையராஜாவின் படங்களை முதலில் பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. மரத்தூண், ஜன்னல் கம்பி, அதன் வழியே விழும் வெயில், அந்த வெயிலில் நம் வீட்டுப் பெண்கள். கறுப்பைக் கறுப்பாகவே, அத்தனை அன்போடு ஒருவர் எழுதியிருக்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார். அன்று நான் வகுப்பில் இருந்திருந்தால் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன், பள்ளி மூடிக் கிடந்தது.

அவர் படங்களிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: கறுத்த தோலைப் பழுப்பு டியூபைப் பிதுக்கி எழுத முடியாது. நான் கறுப்பு டியூபைத் தொடுவதே இல்லை. மகளின் கழுத்து நிழலுக்குப் பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும். வெயில் படுகிற தோள்பட்டைக்குப் பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் எல்லோ ஓக்கர். தோளின் உச்சியில், எண்ணெய் தேய்த்தது போல மின்னுகிற அந்த இடத்தில் வெறும் வெள்ளையை வைத்தால் பொய்யாகிவிடும். அங்கே ஜன்னல் வழியே தெரிகிற வானம் விழுந்திருக்கிறது, லேசான நீலம். கறுத்த தோல் மாதிரி வானத்தை வாங்கிக்கொள்கிற தோல் வேறு இல்லை.

நாத்தனாரிடம் “உள்ள நிறம்தான் போடுவேன் தங்கம்” என்று சொன்னேன். காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

28 ஜூலை, ஞாயிறு.

குழந்தையைக் குளிப்பாட்டுவது என் வேலை. மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய் வழித்து, பிறகு மல்லாத்தி, ஒரு கையால் கழுத்தைத் தாங்கி, மறுகையால் வெந்நீர். என் கையிலேயே நாற்பது ஐம்பது குழந்தைகள் குளித்திருக்கும். தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் கூப்பிடுவார்கள்.

இன்று தண்ணீர் ஊற்றும்போது மேரி கசாட் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஓவியர். ‘குழந்தையின் குளியல்’ என்று ஒரு படம், அதுவும் 1893. அவர் எழுதிய பெரிய சுவரோவியம் ஒன்று அதே சிகாகோ கண்காட்சியின் பெண்கள் மண்டபத்தில் இருந்தது. ரவிவர்மாவின் மகளும் கசாட்டின் ஓவியமும் ஒரே கண்காட்சித் திடலில் இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் சுவரோவியம் பிறகு காணாமல் போய்விட்டது. ‘குழந்தையின் குளியல்’ இப்போது சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ரவிவர்மா மாதிரி வழவழவென்று முடிக்கிற கை இல்லை கசாட்டுக்கு. பட்டை பட்டையாகத் தூரிகை தெரியும். ஆனாலும் அந்தப் படம் என் மனசுக்கு இன்னும் கிட்டே. மடியில் ஒரு சிறுமி. கீழே பேசினில் தண்ணீர். ஒரு கை சிறுமியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, மறுகை காலைக் கழுவுகிறது. இரண்டு பேரும் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கூடக் கொள்ளவில்லை. முகத்தில் கொஞ்சல் இல்லை, சிரிப்பு இல்லை. இடுப்பைப் பிடித்த அந்தப் பெரிய கையில் இருக்கிறது எல்லாம். கசாட் பிள்ளை பெற்றவர் இல்லை. அந்தக் கையை அவர் உற்றுப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

குளித்து முடித்துச் சாம்பிராணி போட்டேன். கன்னத்தில் மகள் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். பெரிய பொட்டு, கட்டைவிரல் அகலம்.

30 ஜூலை, செவ்வாய்.

மனசு சரியில்லை. மத்தியானம் கொல்லைக் கதவு திறந்து கிடந்திருக்கிறது. ஆடிக்காற்று ஒரே வீச்சாக வீட்டுக்குள் புகுந்து, ஓவியத் தாங்கியைச் சாய்த்து, படத்தைப் பீரோ முனையில் மோதவிட்டது. கேன்வாஸ் கிழியவில்லை. ஆனால் ஈர வண்ணத்தின்மேல் முழுக்கப் புழுதி. செம்மண்ணும் வைக்கோல் துகளும். முகம் காய்ந்திருந்ததால் தப்பியது. மகளின் இடது கை, குழந்தையின் தொடை, இடுப்புச் சேலை, எல்லாம் போயிற்று.

இவர் ஒன்றும் சொல்லாமல் விளக்குமாறு எடுத்துக் கூட்டினார். நான் பேலட் கத்தியை எடுத்து, புழுதி படிந்த இடத்தையெல்லாம் வழித்தேன். இரண்டு வார வேலை செய்தித்தாளில் சேறாக வந்தது. மிச்சத்தை டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டேன்.

இரவு படுத்த பிறகு ஒன்று தோன்றியது. அந்தக் கை எனக்குப் பிடிக்காமல்தான் இருந்தது. ஒரு வாரமாகத் தெரியும். ஒத்துக்கொள்ளவில்லை.

1 ஆகஸ்ட், வியாழன்.

கையில் என்ன தப்பு என்று இன்று கண்டுபிடித்தேன்.

மகள் வெளியே போயிருந்தாள். குழந்தை சிணுங்கியது. இடது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தபோது பீரோ கண்ணாடியில் என்னைப் பார்த்து நின்றுவிட்டேன். இடது இடுப்பு வெளியே தள்ளியிருக்கிறது. குழந்தை கையில் இல்லை, எலும்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இடது கால் தூண் மாதிரி நேராக நிற்கிறது, வலது முழங்கால் தளர்ந்திருக்கிறது. பாரத்துக்கு ஈடாக மேல் உடம்பு முழுவதும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் சாயவில்லை, உடம்பு தானாகச் சாய்ந்திருக்கிறது. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் பிள்ளையோடு நிற்கிற குறத்தியைப் பார்த்து எத்தனை முறை கோட்டோவியம் போட்டிருக்கிறேன். அந்தச் சிற்பிக்கு இது தெரிந்திருக்கிறது.

நான் எழுதியிருந்த படத்தில் மகள் நேராக நின்றாள். குழந்தையை ஒரு பூங்கொத்து மாதிரி பிடித்திருந்தாள். முகத்தில் பாசத்தையெல்லாம் கொட்டி வைத்திருந்தேன், உடம்பில் பாரமே இல்லை. ஆறரைக் கிலோக் குழந்தை! பாரமில்லாத இடத்தில் பாசம் எங்கிருந்து வரும்?

விரல்களையும் பார்த்தேன். குழந்தையின் தொடையைச் சுற்றிப் பிடித்த என் நாலு விரலும் சதைக்குள் அமிழ்ந்து, விரலுக்கும் விரலுக்கும் நடுவே தொடை பிதுங்கியிருக்கிறது. அமிழ்ந்த இடத்தில் தோல் வெளுத்து, சுற்றிலும் சிவப்பு ஏறியிருக்கிறது. கிழக் கை, புதுத் தொடை. குழந்தையை இறக்காமலேயே வலது கையால் கரித்துண்டை எடுத்துப் பீரோ பக்கத்துச் சுவரிலேயே போட்டுவைத்தேன். இவர் திட்டுவார், திட்டட்டும்.

3 ஆகஸ்ட், சனி. ஆடிப் பதினெட்டு.

காலையில் தாலிக்கயிறு மாற்றி, புளியோதரை, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் முடித்து, படத்துக்கு வரும்போது பத்து மணி. வெளிச்சம் போய்விட்டது. துணியையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

மகள் உடுத்தியிருப்பது சின்னாளபட்டிச் சுங்குடி. அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள். இதற்கு மட்டும் போட்டோ உதவியது. ஒவ்வொரு புள்ளியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். வயிற்றின் முன்னால் புள்ளிகள் வட்டமாக இருக்கின்றன. இடுப்பு வளைகிற இடத்தில் நீள்வட்டமாகி, அப்புறம் அரிசி மாதிரி, அப்புறம் கோடு மாதிரி. குழந்தையின் குதிகால் அழுத்துகிற இடத்தில் நாலைந்து புள்ளிகள் ஒரு மடிப்புக்குள் விழுந்து மறைந்துவிடுகின்றன. குதிகாலின் பாரத்தை அந்த மறைந்த புள்ளிகள்தான் சொல்கின்றன. மாலைவரை நாற்பது புள்ளி வைத்தேன். எழுந்திருக்க முடியவில்லை, முதுகு.

9 ஆகஸ்ட், வெள்ளி.

இடதுகை வந்துவிட்டது. பாரம் தெரிகிறது. மகளே பார்த்துவிட்டு, “எனக்கே இடுப்பு வலிக்கிற மாதிரி இருக்கும்மா” என்றாள். இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம்.

இன்று பெட்டி துணியெல்லாம் பிரித்து வைக்கத் தொடங்கினாள். எது அங்கே போகிறது, எது இங்கே. தொட்டில் சேலை இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

மகாபிரபாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்துக்கு இரண்டு வருடம் கழித்து, 1895இல், அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. சேது லட்சுமி பாய். திருவாங்கூர் அரச குடும்பத்தில் பெண் வாரிசு இல்லாமல் போனபோது, 1900இல், அந்தப் பெண்ணை ராணி தத்து எடுத்துக்கொண்டார். ஐந்து வயதுகூட நிறையவில்லை. மகாபிரபாவின் தங்கை மகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் ரவிவர்மாவின் பேத்திகள். சேது லட்சுமி பாய் பின்னாளில் 1924 முதல் 1931 வரை திருவாங்கூரை ஆண்டார். வரலாற்றில் அவருக்குப் பெரிய இடம். எனக்கு அந்தத் தாயின் கைதான் நினைவில் நிற்கிறது. 1893இல் பிள்ளையைத் தாங்கியிருந்த அதே கை, ஏழு வருடம் கழித்து மகளை அரண்மனைக்குத் தத்துக் கொடுத்திருக்கிறது. அதை எழுத யாரும் இல்லை. ரவிவர்மா அப்போது உயிரோடு இருந்தார், 1906 வரை இருந்தார்.

என் மகள் போவது அவள் வீட்டுக்கு. நாலு மணி நேரப் பயணம், நினைத்தால் பஸ் ஏறலாம். அதையும் இதையும் ஒன்றாக வைக்கக் கூடாது. ஆனாலும் மனசு வைக்கிறது.

14 ஆகஸ்ட், புதன்.

இன்று மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் செலவழித்தேன். உள்ளங்கை அகலம்கூட இல்லை. குழந்தையின் கன்னம் தாயின் கழுத்தில் பதிகிற இடம்.

காலையில் பார்த்தபோது இரண்டு தோலுக்கும் நடுவே ஒரு மெல்லிய கருங்கோடு இருந்தது. நிழல் என்று நானே போட்டது. அதுதான் இரண்டு பேரையும் பிரித்து வைத்திருந்தது. வெட்டி ஒட்டியது மாதிரி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச்சொல்லி, மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தேன். கோடு எங்கே இருக்கிறது? இல்லவே இல்லை. கன்னத்தின் சூடான நிறம் கழுத்துக்கு ஏறியிருக்கிறது. கழுத்தின் கருமை கன்னத்துக்கு அடியில் இறங்கியிருக்கிறது. எது யாருடைய தோல் என்று ஒரு நெல் அகலத்துக்குச் சொல்ல முடியவில்லை. வேர்வை வேறு, இரண்டுக்கும் பொதுவாக.

கோட்டைத் துடைத்தேன். பர்ன்ட் சியன்னாவில் துளி சிவப்பு சேர்த்து, கன்னத்திலும் கழுத்திலும் ஒரே சமயத்தில் வைத்து, காய்ந்த தூரிகையால், மூச்சுப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்குள் ஒன்றை இழுத்தேன். மேலே, காது பக்கம், விளிம்பு கூர்மையாக இருக்கட்டும் என்று விட்டேன். கீழே போகப்போகக் கரைத்தேன். தாடைக்கு அடியில் விளிம்பே இல்லாமல் ஆக்கினேன். பார்க்கிறவர் கண்ணே அங்கே குழந்தையின் முகத்தை முடித்துக்கொள்ளும்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வெளிக்கோடு போடச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் கோடு, அப்புறம் உள்ளே வண்ணம். தொடுகிற இடத்தில் கோட்டை எடுத்துவிடு என்று ஒரு பிள்ளைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தை தலையைத் திருப்பியது. அப்போது பார்த்தேன். திருஷ்டிப் பொட்டு கன்னத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி மகளின் கழுத்தில், தாலிச்சரடுக்குச் சற்று மேலே, கறுப்பாக ஈஷிக்கொண்டிருக்கிறது. தினமும் இப்படித்தான் இருந்திருக்கும். நான் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தும் பார்க்கவில்லை. மகள் முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனாள்.

“துடைக்காதடி, துடைக்காத. அப்படியே நில்லு.”

அம்பரும் நீலமும் கலந்து, சுட்டுவிரல் நுனியால் ஒரே ஒரு தேய்ப்பு. தூரிகை வேண்டியிருக்கவில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு.

கண் மட்டும் பாக்கி. அப்பா எந்தப் படத்திலும் கண்ணைக் கடைசியாகத்தான் திறப்பார். எங்கள் ஊரில் அது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசித் திருவிழாவில் முத்தாலம்மனை மண்ணால் செய்து, கண் திறப்பு மண்டபத்தில் வைத்துக் கண் திறக்கிறபோது, கூட்டத்தில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதுவரை மண். கண் திறந்ததும் அம்மன். திருவிழா முடிகிறபோது அவள் பூஞ்சோலைக்குப் போய்விடுவாள். அடுத்த முறை மறுபடி மண், மறுபடி கண்.

இரண்டு நாளாக மகளின் கண்ணைத் திறந்து பார்த்து, மூடிப் பார்த்து, இன்று முடிவுக்கு வந்தேன். திறக்க வேண்டாம். அவள் கீழே குழந்தையைத்தான் பார்க்கிறாள். இமையின் வளைவு மட்டும் போதும். இமைக்கு அடியில் ஈரமான ஒரு கீற்று, அவ்வளவுதான். குழந்தையின் கண் பாதி மூடியிருக்கிறது, பால் மயக்கத்தில். படத்திலிருந்து யாரும் நம்மைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நாம் தேவையில்லை. அதைத்தான் எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்து நினைத்தேன் போலிருக்கிறது, வார்த்தை மட்டும் இப்போது கிடைத்தது.

கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன்.

22 ஆகஸ்ட், வியாழன்.

காலை ஒன்பதரைக்குக் கார் வந்தது. சம்பந்தியம்மா முறையாகத் தேங்காய் பழத்தோடு வந்து கூட்டிப்போனார். குழந்தைக்கு நானே கடைசியாகக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, பொட்டு வைத்தேன். மாப்பிள்ளை படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். எடுத்துப்போகிறோம் அத்தை என்றார். மேற்பூச்சு காயவில்லை மாப்பிள்ளை, கையில் ஒட்டும், தை மாதம் நானே கொண்டுவருகிறேன் என்றேன்.

மதியம் வீட்டில் நானும் இவரும். படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிடலாம் என்று எடுத்தேன். தூசி படாது, எனக்கும் பார்க்காமல் இருக்கலாம். பாதி திருப்பிய பிறகுதான் அம்மாவின் படம் நினைவுக்கு வந்தது. பீரோவுக்குப் பின்னால் இருட்டில் கிடந்து அது எப்படி மஞ்சளித்துப்போயிருந்தது. ஆளிவிதை எண்ணெய்க்கு இருட்டு ஆகாது. காய்கிற வரைக்கும் வெளிச்சம் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கிழக்கு ஜன்னலுக்கு எதிரே, முகம் இந்தப் பக்கம் தெரியும்படியே நிறுத்தினேன். காற்றுக்கு ஈடாகக் காலில் இரண்டு செங்கல் வைத்தேன்.